விருந்தும் வேற்றாரும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பண்டித வகுப்பு மாணவர்க்குத் தொல்காப்பியச் செய்யுளியல் நடத்திக்கொண்டிருந்தேன். தொல்காப்பியர் வகுத்த எண்வகை வனப்புக்களுள் ‘விருந்து’ என்பதும் ஒன்று. ‘விருந்து என்றால் என்ன?’ என்று கேட்டேன். ‘சாப்பாடு’ என்றார் ஒரு மாணவர். வகுப்புச் சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. இன்றைய வழக்கில் அவர் சொன்னது சரியே. கலியாண விருந்து, பிறந்தநாள் விருந்து என்று சொல்லிச் சொல்லி, அச்சொல்லை நாம் சோற்றுப் பானைக்குள் அடைத்துவிட்டோம். அதன் பழம்பொருள் புதுமை. புதிதாகப் புனைந்த செய்யுள் விருந்து. புதிதாக வந்த மனிதன் விருந்து. அவனுக்கு இட்ட சோறு பிற்காலத்தில் அவன் பெயரைத் தான் எடுத்துக்கொண்டது. திருவள்ளுவர் விருந்தோம்பல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். சுற்றத்தாரைத் தழுவிக்கொள்வதற்குச் சுற்றந்தழால் என்று வேறோர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் ஒன்றாயின் ஒன்று மிகையாகும். வள்ளுவர் மிகை சொல்பவரல்லர். ஆகவே விருந்தோம்பலாவது முன்பின் அறியாதவனைப் பேணுதல் என்று விளக்கிப் பாடத்தை முடித்தேன். மாணவர் குறிப்பெடுத்துக்கொண்டனர்.

பாடம் நடத்துவது எளிது. நடத்திய பாடத்தில் நாமே பரீட்சைக்கு அமர்வது எளிதன்று. எனக்கு அன்று மாலையே அது நேர்ந்தது.

உட்துறைமுக வீதியில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் என்னருகே வந்து நின்றது. ஏறியிருந்தவர் ஓர் ஐரோப்பிய இளைஞர். முகமெல்லாம் வெயிலிற் சிவந்து, புழுதி படிந்திருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றி, ‘மூதூருக்கு இப்படியே போகலாமா, சார்?’ என்று கேட்டார்.

கேட்டது தமிழ். நான் சொன்ன விடை ஆங்கிலம்.

வாசகர்கள் நம்பவேண்டும், நான் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. வெள்ளை முகத்தைக் கண்டதும் வாய் தானாகவே அப்பக்கம் திரும்பிவிட்டது. சீனக்குடாவைக் கடந்து கிண்ணியாப் பாலத்தால் போகவேண்டும் என்பதை, இலக்கணப் பிழை வராமல் வெகு கவனமாக ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அவர் முகம் வாடிற்று. ‘ரெண்டு வருஷம் மதுரையில இருந்தேன் சார். நான் தமிழ்ல கேட்டா எல்லாரும் இங்கிலீஷ்லதான் பதில் சொல்றாங்க’ என்றார். பிறகு மரியாதையாக, ‘நீங்க என்ன வேலை பாக்குறீங்க?’ என்று விசாரித்தார்.

தமிழ் படிப்பிக்கிறேன் என்று சொல்ல நாவெழவில்லை. ‘வாருங்கள் தம்பி, தேநீர் குடிப்போம்’ என்று சொல்லிக் கடைக்கு அழைத்துச் சென்றேன்.

அவர் ஜெர்மனி தேசத்தவர். மதுரையிற் பழைய புல்லட் வண்டியொன்றை வாங்கி, இராமேசுவரம் வரையும், குமரி வரையும், மலைநாட்டுப் பக்கமும் தனியே ஓடித் திரிந்திருக்கிறார். அவ்வண்டியை அங்கே நண்பரொருவரிடம் விட்டுவிட்டு, விமானமேறி இலங்கைக்கு வந்து, இங்கே வேறொன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார். தமிழ் எங்கே படித்தீர்கள் என்றேன். ‘ரோட்டுல’ என்றார்.

அவர் முதன்முதற் கற்ற தமிழ் வாக்கியம் எது தெரியுமா? ‘அண்ணே, ஸ்டாண்டு எடுக்கல!’ என்பதுதான். வண்டியின் பக்கத் தாங்கியை மடக்காமல் ஓடினால், திரும்பும்போது அது நிலத்திற் குத்தி ஆளை வீழ்த்திவிடும். அதைக் கண்டவர்கள், பஸ்ஸிலிருந்தும், கடை வாசலிலிருந்தும், எதிரே வரும் வண்டியிலிருந்தும் கூவிச் சொல்வார்கள். பொருள் விளங்காமலே பலமுறை கேட்டு, ஒருநாள் விழுந்தெழுந்த பிறகு பொருளும் விளங்கிக்கொண்டாராம். ‘எல்லாரும் என்கிட்ட எந்த ஊருன்னு கேட்டாங்க. அப்ப நான் வெளிநாட்டுக்காரன். ஸ்டாண்டு எடுக்கலன்னு கத்துறப்ப மட்டும் நான் வெளிநாட்டுக்காரன் இல்ல’ என்றார்.

அன்று காலை நான் முக்கால் மணி நேரம் விளக்கிய பொருளை அவர் ஒரு நொடியில் விளக்கிவிட்டார்.

மோட்டார் சைக்கிள் பணக்காரரின் வாகனமன்று, பற்றற்றோரின் வாகனமுமன்று. கண்ணாடி அடைத்த காரில் வருபவனுக்கு நம் நாடு படம். அவன் பார்க்கிறான், போகிறான். இரு சக்கரத்தில் வருபவன் மழையில் நனைகிறான், கருவாட்டு மணத்தை மூக்கில் ஏற்கிறான், வழி கேட்டு நிற்கிறான். அமெரிக்கரான ரொபேர்ட் பேர்சிக் என்பார் காசி இந்து சர்வகலாசாலையில் இந்திய தத்துவம் பயின்றவர். மோட்டார் சைக்கிள் பயணத்தையே பொருளாகக் கொண்டு தத்துவ நூலொன்று எழுதி 1974 இல் வெளியிட்டார். சட்டத்துக்குள் அடங்கிய காட்சிக்கும் சட்டமில்லாத காட்சிக்கும் உள்ள வேற்றுமையை அவரும் அந்நூலின் தொடக்கத்திலேயே எடுத்துப் பேசுகிறார்.

இதில் இன்னொரு நயமும் உண்டு. அவ்விளைஞர் மதுரையில் ஓட்டிய புல்லட்டும் பிறப்பால் வேற்று நாட்டதே. இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரிற் பிறந்தது அது. 1955 இல் சென்னை நிறுவனமொன்றோடு கூட்டு ஏற்பட்டபின் திருவொற்றியூரில் அதனைப் பொருத்தலானார்கள். சில ஆண்டுகளில் முழுவதையும் அங்கேயே செய்யலானார்கள். 1970 அளவில் இங்கிலாந்துக் கம்பனி தொழிலை நிறுத்திவிட்டது, திருவொற்றியூர் நிறுத்தவில்லை. இன்று ஐரோப்பியர் அவ்வண்டியைத் தேடி இந்தியாவுக்கு வருகிறார்கள். வந்த பொருள் எப்போது நம்முடையதாகிறது? நம் கைகள் அதனைப் பழுதுபார்க்கக் கற்கும்போது ஆகிறது. வந்த மனிதன் எப்போது நம்மவனாகிறான்? அவன் நம் மொழியைப் பிழைபடப் பேசும்போது, நாம் நின்று கேட்டால் ஆகிறான்.

கால்டுவெல் பாதிரியார் 1838 இல் சென்னையில் வந்திறங்கினார். 1841 இல் அங்கிருந்து திருநெல்வேலிச் சீமைக்குக் கால்நடையாகவே சென்றார். வழிநெடுக மக்கள் வாய்மொழியைக் கேட்டுக்கொண்டே நடந்தார். 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அந்த நடைக்கும் அந்த நூலுக்கும் தொடர்பில்லை என்று யார் சொல்வர்? வழியில் அவர்க்கு விடை சொன்ன உழவரும் வண்டிக்காரரும் ஆங்கிலம் அறியாதவர். அது தமிழ் செய்த தவம். அவர்கள் என்னைப் போன்ற பண்டிதராயிருந்தால் நிலைமை என்னாகியிருக்குமோ!

இளைஞர் மூதூருக்குப் போகக் காரணமும் ஓர் அந்நியனே. ‘வெள்ளைக்காரன் மரம்’ என்று அங்கே வழங்கும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். 1659 இன் இறுதியில் புயலிற் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், பழுதுபார்த்துக்கொள்ளக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்பிரலில் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள், கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபேர்ட் நொக்ஸையும் இன்னும் சிலரையும் சிறைபிடித்துச் சென்றனர். மகனுக்கு வயது 19. தந்தை மறு ஆண்டே இறந்தார். சிறைக்கூடம் என்று ஒன்று இல்லை. ஊர்களிற் பங்கிட்டு வைத்தார்கள். ஊரவர் சோறு கொடுத்தனர். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல் கடன் கொடுத்தார், சிங்களம் கற்றார். 1679 இல் தப்பியோடும் வழியில், அனுராதபுரப் பக்கத்தில் தமிழ் வழங்கும் மக்களிடை வந்தபோது மொழி தெரியாது இடர்ப்பட்டு, ஒருவாறு மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல், அக்காலத்து இலங்கையை அறிவதற்கு இன்றும் பெருஞ்சான்று. பத்தொன்பது ஆண்டுச் சிறையைப் பத்தொன்பது ஆண்டுக் கல்வியாக மாற்றியது எது? மொழி.

இவ்வளவும் சொன்னபின் நம் குறைகளையும் சொல்லவேண்டும்.

வேற்று நாட்டவரிடம் நாம் இரண்டு விதமாக நடக்கிறோம். ஒன்று குழைவு, மற்றது கொள்ளை. ஒருவர் வரிசையைக் கலைத்து அவரை முன்னே விடுகிறார். மற்றவர் நூறு ரூபா இளநீரை அவர்க்கு முந்நூறு என்கிறார். முன்னவர் அவரைத் தேவராக்குகிறார்; பின்னவர் அவரைப் பணப்பையாக்குகிறார். மனிதராக்குபவரைக் காணோம். இரண்டும் விருந்தோம்பலன்று. உள்ள விலையைச் சொல்வதும், கேட்ட மொழியில் விடை சொல்வதும், தாங்கி மடங்கவில்லை என்று கூவுவதுமே விருந்தோம்பல்.

வந்தவர்க்கும் கடன் உண்டு. நம் நாட்டிற் செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வண்டி எடுக்கலாகாது. தலைக்கவசம் இன்றி, மேற்சட்டையும் இன்றி, நிலாவெளி வீதியிற் பறக்கலாகாது. கோட்டை வாசலில் மான்கள் குறுக்கிடும். இருட்டியபின் கந்தளாய், ஹபரணைப் பாதையில் யானை குறுக்கிடும். கோணேசர் கோயிற்படியிற் செருப்பைக் கழற்றவேண்டும். விருந்தினன் என்பதற்காக விதி விலகாது. இவற்றையும் நான் அவ்விளைஞரிடம் சொன்னேன். தமிழிற் சொன்னேன். அவர் தலையசைத்துக் கேட்டார்.

பேச்சினிடையே அவர் ஒன்று கேட்டார்: ‘நீங்க பைக் ஓட்டுவீங்களா சார்?’

ஓட்டியிருக்கிறேன். போர் நடந்த ஆண்டுகளில் இந்நகரில் நான் சிறிய மோட்டார் சைக்கிளொன்று வைத்திருந்தேன். அக்காலத்தில் அதை ஓட்டியதிலும் தள்ளியது அதிகம். காவலரண் கண்ணிற் பட்டதும் இறங்கவேண்டும், எஞ்சினை அணைக்கவேண்டும், தலைக்கவசத்தைக் கழற்றவேண்டும், அடையாள அட்டையைக் கையிற் பிடித்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யார் வீட்டுக்குப் போகிறாய் என்ற வினாக்களுக்கு விடை சொல்லவேண்டும். வினா எனக்கு விளங்காத மொழியில் வரும். என் விடை அவர்க்கு விளங்காது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் உதவிக்கு வந்த வெளிநாட்டார் வண்டிகள் எங்களைக் கடந்து செல்லும். அவர்கள்மீது எனக்குப் பொறாமை இல்லை. நல்ல பணிக்கு வந்தவர்கள். ஆயினும் வெயிலில் வண்டி தள்ளும்போது ஓர் எண்ணம் எழும்: இவ்வீதியில் அந்நியன் யார்?

2009 இல் போர் முடிந்தது. அவ்வாண்டே கிண்ணியாப் பாலமும் திறந்தது. பாதை வழியே போக ஓடத்துக்குக் காத்துநின்ற காலம் மாறிற்று. இன்று ஜெர்மனிய இளைஞரும் நானும் ஒரே வீதியில் இறங்காமலே ஓடலாம். சொந்த வீதியிற் புறத்தாராய் நிறுத்தப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு, வேறொருவனைப் புறத்தானாக நிறுத்தாதிருக்கத் தெரியவேண்டும். தெரிந்ததா என்பதே வினா.

தேநீர் முடிந்தது. அவர் வண்டியேறிப் புறப்பட்டார். பத்து முழம் போயிருப்பார். பக்கத் தாங்கி மடக்கப்படாமல் நீட்டிக்கொண்டிருந்தது. ‘தம்பி, ஸ்டாண்ட்! ஸ்டாண்டைத் தட்டிவிடு!’ என்று கத்தினேன். தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தனர். அவர் காலால் தட்டிவிட்டுக் கையை உயர்த்திக் காட்டிப் போனார். அப்போது என் வாயில் ஆங்கிலம் வரவில்லை. அவர்க்கு ‘நீங்கள்’ என்ற மரியாதைப் பன்மையும் வரவில்லை.

கதையை இங்கே முடித்தால் நான் தேறிவிட்டேன் என்று வாசகர் எண்ணக்கூடும். தேறவில்லை. அடுத்த திங்கட்கிழமை சந்தை வாசலில், காய்கறி மூட்டை கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒரு சிங்கள இளைஞர் புறப்பட்டார். அவர் வண்டியிலும் தாங்கி நீட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். ‘மல்லி’ என்று அழைக்கத் தெரிந்தது. ‘ஸ்டாண்ட்’ எல்லார்க்கும் பொது. வினைமுற்று வரவில்லை. பக்கத்தில் நின்ற முஸ்லிம் வியாபாரி ஒருவர் சரளமான சிங்களத்திற் கூவினார். இளைஞர் தாங்கியை மடக்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்து, ‘நன்றி ஐயா’ என்று தமிழிற் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று சமூகத்தார் தோளோடு தோள் உரசி வாழும் துறைமுகப் பட்டினம் இது. ஐம்பது வயதைக் கடந்தும் எனக்கு அம்மொழியில் ஓர் ஏவல்வினை தெரியவில்லை. ஆணை தாங்கி வந்த மொழி என்பதால் அதன்பால் என் மனம் கதவடைத்ததற்கு நியாயமுண்டு. அந்த நியாயத்தை நான் கைவிடவில்லை. அரசின் மொழிக் கொள்கை வேறு, சந்தையில் நிற்கும் அயலானின் மொழி வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டது என் சோம்பல். கடல் கடந்து வந்தவன் இரண்டாண்டில் என் மொழியைக் கற்றான் என்று வியக்கின்ற நான், அடுத்த தெருவான் என் மொழியில் நன்றி சொன்னதை ஒருநாளும் வியந்ததில்லை. அவனன்றோ எனக்கு விருந்து!

எம்முடன் ஆசிரியராயிருந்து இளைப்பாறிய சிங்கள அன்பர் ஒருவர் அருகில் வசிக்கிறார். சென்ற ஞாயிறு அவர் வீட்டுக்குச் சென்றேன். ‘ஒரேயொரு வாக்கியம் படிப்பிக்கவேண்டும்’ என்றேன். எந்த வாக்கியம் என்று கேட்டார். சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு படிப்பித்தார். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்.