நாய்க்குட்டிக்குப் பால் சோறு மட்டும் போதுமா?

வீட்டுக்குப் புதிதாக நாய்க்குட்டி வந்ததும் பலர் முதலில் வைப்பது ஒரு கிண்ணம் பசும்பால். மறுநாளே குட்டிக்கு வயிற்றுப்போக்கு, வீடே பதறும். பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை.

8 வாரம் ஆகும்வரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். வந்த புதிதில், அது ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகிய உணவையே கொடுங்கள். மாற்ற வேண்டுமானால், பழைய உணவோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 7 நாள்களில் மாற்றுங்கள்.

எத்தனை வேளை?

3 மாதம் வரை 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, அதன்பின் 2 வேளை. சிறிய ரகக் குட்டிகள் நெடுநேரம் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும். குடிநீர் எப்போதும் இருக்கட்டும்.

என்ன கொடுக்கலாம்?

குட்டிகளுக்கென்றே விற்கும் பப்பி ஃபுட் எளிது. வீட்டுச் சாப்பாடு என்றால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி, முட்டை, சோறு. இதில் கால்சியம் போதாது என்பதால் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகவே கால்சியம் டானிக் கொடுத்தால், பெரிய ரகக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சி கெடலாம்.

கூடவே கூடாதவை

சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை, சமைத்த எலும்பு. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் ஆபத்துதான். குழம்புச் சோறும் வேண்டாம். அதில் வெங்காயம் இருக்கும்.

வாந்தியோடு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு இருந்தால், 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று காத்திருக்காதீர்கள். பார்வோ வைரஸாக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிக்கு ஒரு நாள் தாமதமே உயிரைப் பறித்துவிடும்.