சுத்தியலைக் கீழே வையுங்க

"அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்று சொல்லிச் சொல்லியே பழைய சைக்கிள்களைக் கொன்றுகொண்டிருக்கிறோம்.

சப்ரகமுவ தோட்டங்களில் லயத்து இறவாரத்துக்குக் கீழே ஒரு சைக்கிள் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீங்க. டவுனில் பழசாக வாங்கினது, யாரோ ஓட்டிவிட்டுக் கொடுத்தது. இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அந்த ஈரத்தில் கொஞ்ச காலம் கவனிக்காமல் நின்றால் சீட் இறங்காது, பெடல் கழறாது. உடனே தீர்ப்பு: "இது சரிவராது, இரும்புக்காரனுக்குப் போடு."

அது சாகவில்லை. இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். சாகடிப்பது நம்ம அவசரம்.

நானும் யோக்கியன் இல்லை. முதலில் வாங்கின பழைய சைக்கிளின் இடது பெடலைக் கழற்ற, ஸ்பேனரில் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்கினோம். புரி நாசமாகிப் போனது. இடது பெடலுக்குப் புரி எதிர்ப்பக்கம். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழறும். கழற்றுகிறோம் என்று நினைத்து, முழுப் பலத்தோடு இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பலம் குறைவு என்பது நம்ம பிரச்சினை இல்லை. தெரிந்துகொள்ளாமலே கை வைக்கிறோம், அதுதான் பிரச்சினை.

சீட் கம்பியை எடுங்க. முதலில் பிடி போல்ட்டை முழுசாகக் கழற்றணும். கம்பி உள்ளே போகிற இடத்தைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு விடணும். காலையில் திரும்பவும் விடணும். பிறகு சீட்டைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகணும், இழுக்கக் கூடாது. அசையவில்லையா? கம்பியில் காந்தம் ஒட்டுதா என்று பாருங்க. ஒட்டினால் இரும்பு. வெந்நீரில் நனைத்த துணியை வெளிக்குழாயில் சுற்றினால் குழாய் விரிந்து பிடி தளரும். ஒட்டாவிட்டால் அலுமினியம். அது இரும்பை விட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். சூடாக்கினால் இன்னும் இறுகும். அதற்கு ஐஸ் வைக்கணும். மண்ணெண்ணெய் விட்ட இடத்தில் நெருப்பு மட்டும் காட்டாதீங்க.

வெப்ப விரிவைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். சோதனையில் எழுதினோம், மார்க்ஸ் வாங்கினோம். வாசலில் கிடக்கிற சைக்கிளுக்கு மட்டும் அது பொருந்தும் என்று தோணவே இல்லை.

சுத்தியலே வேண்டாமா? வேண்டும். பழைய மாடல் கிராங்கில் உள்ள கொட்டர் பின்னுக்கு அடிதான் மருந்து. ஆனால் கிராங்குக்குக் கீழே குழாயோ கட்டையோ முட்டுக் கொடுத்து, நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குக் கொண்டுவந்து, நேராக அடிக்கணும். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடியெல்லாம் உள்ளே இருக்கிற பேரிங்குக்குத்தான் போகும்.

"மேட்டுத் தோட்டத்தில சைக்கிள் எதுக்கு?" என்பார்கள். ஏறும்போது தள்ளுவோம், சரி. ஆனால் தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கமெல்லாம் கடைக்கும் டியூஷனுக்கும் நடக்கிற பிள்ளைக்கு, மிஞ்சுகிற அரை மணித்தியாலம் சின்ன விஷயமா? 2022இல் பெட்ரோலுக்கு வரிசை, பிறகு கியூஆர். புது சைக்கிள் விலை எங்கேயோ ஏறிவிட்டது. அன்றைக்கும் இறவாரத்தில் கிடந்தவற்றை நாம் தொடவில்லை.

இன்னொன்றையும் சொல்லணும். "படிச்ச பிள்ளை கையில கிரீஸ் பூசலாமா?" என்கிற பேச்சு. தலைமுறை தலைமுறையாகக் கைவேலை செய்தே வாழ்ந்த சனம் நாம். கொழுந்தும் பாலும் எடுத்த கைகளை மற்றவர்கள் மட்டமாகப் பார்த்தது போதாதா? நாமும் சேர்ந்து பார்க்கணுமா?

அம்மி நகர்ந்தது ஒரே அடியில் இல்லை. இந்த ஞாயிறு ஒரு போத்தல் மண்ணெண்ணெயோடு இறவாரத்துக்கு வாங்க. ஊற்றிவிட்டு, திங்கள் வரைக்கும் சும்மா இருங்க.