இரவல் தோலில் எழுதிப் பழகலாமா?

பச்சை குத்தும் இயந்திரம், மைக் குப்பிகள், ஊசிகள், கையுறைகள் யாவும் ஒரே பெட்டியில் இணையவழியாக வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன. பெட்டியைப் பிரித்த மறுவாரமே நண்பனின் கையில் முதல் எழுத்தைப் பொறித்துவிடுகிறார் புதிய 'கலைஞர்'. செய்து பார்த்தால்தானே பழகும் என்பது அவரது நியாயம். தச்சுத் தொழிலுக்கு அது பொருந்தலாம். அங்கே பாழாவது பலகை. இங்கே பாழாவது இன்னொருவனின் தோல்.

மேற்தோலைக் கடந்து ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீற்றர் ஆழத்தில் மை தங்கவேண்டும். ஆழம் குறைந்தால் ஆறும்போதே உதிர்ந்துபோகும். மிஞ்சினால் கோட்டின் இருமருங்கும் கசிந்து நிரந்தரக் கறையாகும். முதுகின் தோலும் மணிக்கட்டின் உட்புறத் தோலும் ஒரே தடிப்புடையனவல்ல. இவ்வேறுபாட்டைக் கைதான் அறியவேண்டும். காணொளி அதனைக் கற்பிக்காது.

அழகு கெடுவதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஹெப்படைட்டிஸ் பி வைரசு உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் தொற்றும் வலுவுடன் இருக்கக்கூடியது. புதிய ஊசி போட்டேன் என்பது மட்டும் போதாது. குருதி பட்ட கையுறையுடன் விளக்கின் ஆளியையும் மைக் குப்பியையும் தொட்டவர் அடுத்தவருக்கு நோயை வழங்கக்கூடும். ஹெப்படைட்டிஸ் அச்சத்தினாலேயே நியூயோர்க் நகரம் 1961இல் இத்தொழிலைத் தடைசெய்தது. தொழில் ஒழியவில்லை; கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. 1997இல் தடை நீங்கியது. ஆகவே தடை தீர்வாகாது, கற்பித்தலே தீர்வு.

ஜப்பானின் மரபுவழி ஆசான்களிடம் சீடன் ஆண்டுக்கணக்கில் இருந்தான். கூடத்தைத் துப்புரவு செய்தான், ஓவியம் வரைந்தான், ஊசிகளைக் கட்டப் பழகினான். பின்னர் தன் தொடையிலேயே குத்திப் பார்த்தான். தன் வலியை அறிந்தபின்பே பிறர் உடலைத் தொட்டான். அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2020இல் பச்சை குத்துதல் மருத்துவச் செயலல்ல என்று தீர்ப்பளித்தது. வைத்தியப் பட்டம் வேண்டியதில்லை என்பதே அதன் பொருள்; பயிற்சி வேண்டியதில்லை என்பதல்ல.

குருகுலம் என்ற பெயரில் இளைஞரைக் கூலியில்லா வேலையாளாக வைத்திருக்கும் ஆசான்களும் உள்ளனர் என்று சிலர் வாதிடுவர். உண்மைதான், அதுவும் கண்டிக்கத்தக்கதே. தரை துடைக்கவைத்து ஊசியைக் காட்டாதவர் ஆசானல்லர். எத்தனை காலம், என்னென்ன பாடம், எப்போது முதல் ஊசி என்பதை முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டும். ஆனால் ஆசான் சுரண்டுகிறார் என்பதற்காக நண்பனின் கையைப் பயிற்சிக் கொப்பியாக்க எவருக்கும் உரிமை கிடையாது.

தொடக்கத்தில் கடதாசி இருக்கிறது. பின்னர் பன்றித் தோலும் செயற்கைத் தோலும் இருக்கின்றன. அதன்பின் சொந்தத் தொடை இருக்கிறது. இத்தனையையும் தாண்டி நேரே அடுத்தவன் தோளுக்குப் பாய்வதைத் துணிவு என்று புகழாதீர்கள். கையை நீட்டுமுன் கேளுங்கள்: யாரிடம் கற்றாய், எத்தனை காலம் கற்றாய், உன் உடலில் நீயே குத்தியது எங்கே? மூன்றாவது கேள்விக்கு விடையில்லையெனில் கையை மடக்கிக்கொள்ளுங்கள்.