குளிர்காலச் சில்லு வாங்கப் போகிறீர்களா?

இம்முறை காரின் சில்லுகளைப் பற்றிக் கதைப்போம். ஜேர்மனியில் வதிவிட அனுமதி கிடைத்து, சாரதிப் பத்திரமும் எடுத்து, முதலாவது பழைய காரை வாங்கி நிற்கும் குடும்பங்களை நினைத்தே இதை எழுதுகிறோம். சேர்த்த காசு காரோடு முடிந்துபோன நேரத்தில் ஒக்டோபர் மாதம் வந்து நிற்கும். "இனி நாலு வின்ரர் ரயரும் வாங்க வேணும்" என்று யாராவது சொல்வார்கள். எங்கே மலிவு என்று தேடத் தொடங்குவோம். மலிவு தேடுவதில் பிழையில்லை. ஆனால் காசு குறைவாக உள்ளவர்களுக்குத்தான் இதில் கூடுதல் கவனம் வேண்டும். பிழையான சில்லை வாங்கினால் திரும்பவும் வாங்க வேண்டிவரும். அதுவரை பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அதே சில்லில்தான் ஓடவும் வேண்டிவரும்.

நிலத்துக்கு ஏற்ற சில்லு என்பது எமக்குப் புதிய விஷயமில்லை. ஊரில் சேற்று வயலுக்குள் லாண்ட்மாஸ்டரை இறக்கும்போது ரயர்ச் சில்லைக் கழற்றி இரும்புச் சில்லைப் பூட்டியதைக் கண்டிருக்கிறோம். இங்கே சேற்றுக்குப் பதில் பனி. இன்னொரு வித்தியாசமும் உண்டு. இங்கே பனி கொட்டாத நாளிலும் குளிரே ரயரைக் கெடுக்கும். கோடை ரயரின் இறப்பர், வெப்பநிலை ஏழு பாகைக்குக் கீழே போகப் போக இறுகிவிடுகிறது. இறுகிய இறப்பர் தெருவைப் பிடிக்காது. குளிர்கால ரயரின் இறப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி கலக்கப்பட்டது. அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அந்த வெட்டுகளின் விளிம்புகள்தான் பனியைக் கடித்துப் பிடிக்கின்றன. ஒரு சில்லு தெருவைத் தொடும் இடம் ஏறத்தாழ ஒரு தபாலட்டை அளவுதான். நாலு தபாலட்டைகளை நம்பித்தான் முழுக் குடும்பமும் காரில் ஏறுகிறது.

அடுத்தது சட்டம். ஜேர்மனியில் இத்தனையாம் திகதி தொடக்கம் என்று நாள் குறித்த சட்டம் இல்லை. ஒக்டோபர் முதல் ஈஸ்டர் வரை என்பது ஒரு வழக்கம் மட்டுமே. தெருவில் பனி, பனிச்சேறு, உறைபனி, கண்ணாடிபோல வழுக்கும் ஐஸ் இருக்கும்போது கோடை ரயரோடு ஓடக்கூடாது என்பதே சட்டம். மாசியில் ஒரு நாள் அப்படி இருந்தாலும் அன்றைக்கு அது செல்லும். பிடிபட்டால் 60 யூரோ தண்டமும் ஃபிளென்ஸ்பூர்க் பதிவில் ஒரு புள்ளியும். வழுக்கி நின்று மற்ற வாகனங்களை மறித்தால் 80 யூரோ. எம்மவர் பலருக்குத் தெரியாத ஒன்று இதில் உண்டு. அந்த நிலையில் உங்கள் காரை இன்னொருவர் ஓட விட்டால், கார்ச் சொந்தக்காரரான உங்களுக்கும் 75 யூரோவும் ஒரு புள்ளியும் வரலாம். "அண்ணை, ஒருக்கா காரைத் தாங்கோ" என்று கேட்டால் மறுக்க எமக்கு மனம் வராது. கொடுக்கிறவர் சில்லைப் பார்த்துக் கொடுப்பது நல்லது.

எது குளிர்கால ரயர் என்பதிலும் மாற்றம் வந்திருக்கிறது. முன்பு பக்கச் சுவரில் எம்+எஸ் என்று எழுதியிருந்தால் போதும். 2024 ஒக்டோபர் 1 முதல் அது மட்டும் போதாது. மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் வரைந்த அடையாளம் இருக்கவேண்டும். பழைய எம்+எஸ் ரயர்களைத் தள்ளிவிடப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "இது வின்ரர்தான், நல்ல கட்டை இருக்கு" என்பார்கள். மலையைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி வயது. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் நாலு சில்லு பார்க்கப் போனது. பேர்பெற்ற கொம்பனியின் ரயர், பள்ளம் ஆழமாக இருந்தது, விலையும் மலிவு. கூடப் போனவர் குந்தியிருந்து பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தார். டி-ஓ-டி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசியில், நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் ஆண்டு. 3821 என்றால் 2021 ஆம் ஆண்டின் 38 ஆவது கிழமையில் செய்த ரயர். இவர் பார்த்ததில் 4009 என்று இருந்தது. 2009 இல் செய்தது! பள்ளம் ஆழமாக இருந்ததற்குக் காரணம் அது ஓடாமல் எங்கோ கிடந்ததுதான். கிடந்தாலும் இறப்பர் இறுகும். நகத்தால் அழுத்தினால் பலகைபோல இருந்ததாம். வாங்காமல் திரும்பி வந்தார்கள்.

ஆகவே கொம்பனிப் பேரைவிட அந்த நாலு இலக்கத்தை முதலில் பாருங்கள். ஆறு வருடத்துக்கு மேற்பட்ட குளிர்கால ரயரைக் காசு கொடுத்து வாங்குவதை நாம் ஒப்பமாட்டோம். பத்து வருடமானால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழற்ற வேண்டியதுதான். நாலு சில்லிலும் பாருங்கள். சிலவேளை மூன்று ஒரு வயது, நாலாவது வேறு வயது. டி-ஓ-டி வரி முழுவதும் ரயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளிப்பக்கத்தில் காணாவிட்டால் திருப்பிப் பார்க்கவேண்டும். மழை பெய்கிறது, இருட்டிவிட்டது என்று விற்பவர் அவசரப்படுத்தினால் நாளைக்கு வெளிச்சத்தில் வாருங்கள்.

பள்ளத்தை அளக்கக் கருவி தேவையில்லை. இரண்டு யூரோக் குற்றியின் வெளிவளையம் வெள்ளி நிறமாக இருக்கும். அதன் அகலம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். பள்ளத்துக்குள் குற்றியை வைத்தால் அந்த வெள்ளி வளையம் முழுதாக மறையவேண்டும். சட்டப்படி 1.6 மில்லிமீற்றர் இருந்தாலே ஓடலாம். ஆனால் பனியில் 4 க்குக் கீழே போனால் ரயர் வழுக்கத் தொடங்கும். புதியதில் ஏறத்தாழ 8 இருக்கும். ஐந்து மில்லிமீற்றர் உள்ள பாவித்த ரயரை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மில்லிமீற்றர்தான். மலிவா என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு எழுதியிருக்கும் வரியை வாசிப்பது கடினமில்லை. 195/65 R15 91T என்று இருக்கட்டும். 195 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65. 15 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்றால் ஒரு சில்லு 615 கிலோ தாங்கும். T என்றால் மணிக்கு 190 கிலோமீற்றர் வரை ஓடலாம். சுமை எண் உங்கள் காருக்குக் குறித்ததைவிடக் குறையவே கூடாது. வேக எழுத்து மட்டும் குளிர்கால ரயருக்குக் குறைவாக இருக்கலாம். அப்போது அந்த வேகத்தை எழுதிய ஒட்டியைச் சாரதியின் கண்ணில் படும்படி ஒட்டவேண்டும். காருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை ஃபார்ட்சொய்க்ஷைனில் பார்க்கலாம். அதில் பெரும்பாலும் ஒரு அளவுதான் இருக்கும். வேறு எவை பூட்டலாம் என்பது செ-ஓ-செ என்ற தாளில் இருக்கும். கார் வாங்கும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். அனுமதித்தவற்றுள் ஒடுங்கிய அளவுதான் பெரும்பாலும் விலை குறைவு. குளிர்காலத்துக்கு அது தாராளமாகப் போதும்.

றிம்மோடு சேர்த்து வாங்குவது கெட்டித்தனம். வருடத்தில் இரண்டு முறை ரயரை மட்டும் கழற்றிப் பூட்டக் கொடுக்கும் கூலியில் இரும்பு றிம்மின் காசு சில வருடங்களில் வந்துவிடும். அலுமினிய றிம் பார்க்க அழகுதான். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு ஆ-பே-ஏ என்ற அனுமதித் தாள் வேண்டும், அதைக் காரில் வைத்திருக்க வேண்டும். தாள் இல்லாமல் பூட்டினால் ரியூவில் மட்டுமல்ல, பொலிசாரிடமும் கரைச்சல். துளைகளின் எண்ணிக்கை சரியென்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அந்தத் துளைகள் நிற்கும் வட்டத்தின் அளவு, நடுத்துளை, ஈ-டி என்ற உள்தள்ளல் இலக்கம் மூன்றும் பொருந்தவேண்டும்.

போல்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தொழிற்சாலையில் நாள் முழுதும் போல்ட் இறுக்கும் எங்களில் பலர்கூட இதைக் கவனிப்பதில்லை. அலுமினிய றிம் தடிப்பானது, அதன் போல்ட் நீளமாக இருக்கலாம். அதே போல்ட்டை மெல்லிய இரும்பு றிம்முக்குப் போட்டால் உள்ளே நீட்டிக்கொண்டு போய் பிரேக் பாகத்தில் முட்டலாம். கட்டையான போல்ட்டை அலுமினியத்துக்குப் போட்டால் சில சுற்று மட்டும் பிடித்து நிற்கும். தலைக்குக் கீழே உள்ள வடிவமும் இரண்டு விதம். சிலது கூம்பு, சிலது உருண்டை. கூம்பு றிம்முக்கு உருண்டை போல்ட் போட்டால் இறுகியது போலத்தான் இருக்கும். ஓடும்போது இளகிவிடும். ஆகவே றிம் வாங்கும்போது அதற்குரிய போல்ட்டையும் சேர்த்தே கேளுங்கள்.

2014 நவம்பர் 1 இற்குப் பின் முதற்பதிவான கார்களில் காற்றழுத்தம் காட்டும் ஏற்பாடு உண்டு. சில கார்களில் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஒரு சென்சர் இருக்கும். அப்படியானால் குளிர்காலச் சில்லுக்கும் சென்சர் வேண்டும். விலை பேசமுன் இதைக் கேட்டறியுங்கள்.

நாலு பருவத்துக்கும் ஒரே ரயர் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். மலை அடையாளம் இருந்தால் சட்டப்படி போதும். கேள்ன், டுசல்டோர்ஃப் பக்கம் இருந்துகொண்டு ஊருக்குள் மட்டும் ஓடுபவர்களுக்கு அது நல்ல தெரிவு. சவர்லாண்ட் மலைப்பக்கமோ அல்கோய் பக்கமோ இருந்து, பஸ் ஓடத் தொடங்கமுன் ஆறு மணி வேலைக்குப் போகிறவர்களுக்கு நாம் அதைச் சொல்லமாட்டோம். குளிர்கால ரயரையே வருடம் முழுதும் ஓட்டுவதும் இலாபமில்லை. கோடையில் ஹம் அம்மன் கோயில் தேருக்குப் போகும் சூட்டில் அது வேகமாகத் தேயும், பிரேக் பிடித்தாலும் தள்ளிப்போய்த்தான் நிற்கும்.

காசு போதாமல் இரண்டு நல்லது, இரண்டு தேய்ந்தது என்று அமைந்தால், நல்லதைப் பின்னுக்குப் பூட்டுங்கள். முன்சில்லுதானே இழுக்கிறது என்று பலர் முன்னுக்குப் பூட்டுகிறார்கள். முன்சில்லு வழுக்கினால் கார் நேரே போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்சில்லு வழுக்கினால் கார் சுழன்றுவிடும். ஆனால் நாலுமே குளிர்கால ரயராக இருக்கவேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

பூட்டும்போது ரயரில் அம்புக்குறி இருந்தால் ஓடும் திசைக்குப் பாருங்கள். போல்ட்டுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்குவது என்பது கார்ப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கான அளவுச் சாவியை யாரிடமாவது இரவல் வாங்கலாம். கராச்சில் பூட்டினாலும் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள். காற்றை, சில்லு குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும். கழற்றிய சில்லில் எது முன் வலது, எது பின் இடது என்று சோக்கால் எழுதி, றிம்மோடு உள்ளவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கெல்லரில் அடுக்கிவிடுங்கள்.

அடுத்த இதழில் கார்க் காப்புறுதிப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று எழுதுவோம்.