தள்ளாடும் குட்டிக்கு ஒரு மூலை கொடுங்கள்

வடாலாவில் பூனை இல்லாத சால் இல்லை. மீன் விற்கும் இடத்தில் பூனை. ரேஷன் கடை மூட்டைக்குப் பின்னால் பூனை. குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் பூனை. எலித்தொல்லைக்குப் பயந்து நாமே சோறு போட்டு வளர்த்து வைத்திருக்கிறோம். அந்தப் பூனை நாலு குட்டி போடுகிறது. மூன்று குட்டிகள் துள்ளி ஓடுகின்றன. நாலாவது மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு, கால்களை அகல விரித்து நிற்கிறது. இரண்டடி வைப்பதற்குள் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறது. அதை நாம் என்ன செய்கிறோம்?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கிறது. ஒருவர் சாக்கில் போட்டு நாலா ஓரத்தில் விட்டு வருகிறார். இன்னொருவர் இரவோடு இரவாக அடுத்த சாலின் வாசலில் வைத்துவிடுகிறார். மூன்றாமவர், "அதன் விதி" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். குட்டி பசியால் சாகிறது. நாலாவது வழி ஒன்று உண்டு. வளர்ப்பதுதான் அது. பணக்காரர்களால் மட்டுமே முடிந்த காரியம் அல்ல. ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளியாலும் குமாஸ்தாவாலும் முடியும். இதுவே நம் வாதம்.

தள்ளாட்டம் எதனால்?

தலையின் பின்பக்கத்தில் இருக்கும் சிறுமூளை, உடம்பின் அசைவை அளந்து கொடுக்கும் உறுப்பு. காலை எவ்வளவு தூக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று அதுதான் கணக்கு வைக்கிறது. தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பூனைகளுக்கு வரும் ஒரு வைரஸ் காய்ச்சல் அதைத் தாக்கினால், வயிற்றில் இருக்கும் குட்டியின் சிறுமூளை முழுதாக வளராமல் போகலாம். பிறந்த ஓரிரு வாரத்துக்குள் குட்டியைத் தாக்கினாலும் இதே கதிதான். டாக்டர்கள் அந்தக் காய்ச்சலைப் பான்லூகோபீனியா என்கிறார்கள். குட்டி நடக்கத் தொடங்கும் மூன்றாவது, நாலாவது வாரத்தில்தான் குறை வெளியே தெரியும். ஒரே ஈற்றில் ஒரு குட்டிக்கு இருக்கும், மற்றவற்றுக்கு இருக்காது. ஒன்றுக்கு அதிகமாகவும் மற்றொன்றுக்குக் குறைவாகவும் இருக்கும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மைகள் மூன்று. முதலாவது, இந்தத் தள்ளாட்டத்தால் குட்டிக்கு வலி கிடையாது. அது துடிப்பதுபோல் நம் கண்ணுக்குத் தெரிகிறதே தவிர, அது துன்பப்படவில்லை. இரண்டாவது, வயது ஏற ஏற இது மோசமாவதில்லை. எங்கே சாய்வது, எப்படித் திரும்புவது என்று குட்டி தானே பழகிக்கொள்ளும். பாதிப்பு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் மற்றப் பூனைகளைப் போல முழு ஆயுளும் வாழும். மூன்றாவது, இது மனிதருக்கு ஒட்டாது. இதைக் குணமாக்க மருந்து இல்லை. தினமும் மருந்து கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

நடக்க முடியாத குட்டிகள் எல்லாம் இந்த வகை என்று நினைத்துவிடக் கூடாது. நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த குட்டி இன்று பின்கால்களை இழுத்துக்கொண்டு போனால், அது வண்டியில் அடிபட்டதாகவோ உயரத்திலிருந்து விழுந்ததாகவோ இருக்கலாம். அதைப் பிடித்து இழுக்காமல், ஓர் அட்டையின் மேல் மெல்ல நகர்த்தி வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முதுகெலும்பில் அடிபட்ட குட்டிக்குச் சிறுநீர் தானாக இறங்காமல் போகலாம். அதற்குத் தாமதம் ஆகாது.

ஒதுக்கி வைத்த ஊர்

காரணம் தெரியாத பயம் என்ன செய்யும் என்பதற்கு வடாலாவே சாட்சி. தொழுநோயாளிகளைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வைக்க வேண்டும் என்று அன்றைய பம்பாய் நினைத்தது. 1890 ஆம் ஆண்டில், மாநகராட்சிக் கமிஷனர் ஆக்வொர்த் காலத்தில், ஊர் எல்லையில் அவர்களுக்கு விடுதி எழுந்தது. அவர் பெயரைத் தாங்கிய ஆஸ்பத்திரி வடாலாவில் இருக்கிறது. ஊர் வளர்ந்து அந்த எல்லையையும் விழுங்கிவிட்டது. நோய்க்கு மருந்தும் வந்துவிட்டது. மருந்து வந்த பிறகும் மனிதர்களின் அருவருப்புப் போகப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு பூனைக்குட்டியின் ஆட்டத்தைப் பார்த்து, "தொத்து வியாதி, குழந்தைகள் பக்கம் விடாதே" என்று கத்துகிறவர்கள் அந்தப் பழைய பயத்தைத்தான் இன்னும் சுமக்கிறார்கள்.

பத்துக்குப் பத்து போதும்

"நாங்கள் ஐந்து பேர் ஒரே கோலியில் இருக்கிறோம். இதில் நொண்டிப் பூனைக்கு இடம் எங்கே?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தக் குட்டிக்குப் பெரிய வீடு தேவையில்லை. சொல்லப்போனால் சின்ன அறைதான் அதற்கு வசதி. சாய்ந்துகொள்ளச் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது. சோற்றுக் கிண்ணம் நாலடியில் இருக்கிறது. பரந்த கூடத்தின் நடுவில்தான் அது திக்குமுக்காடும்.

அதற்கு வேண்டியது வழுக்காத தரை. மொசைக்கிலும் டைல்ஸிலும் அதன் கால் நிற்காது. ஒரு பழைய கோணிச்சாக்கை விரித்தால் நகம் பிடித்து நடக்கும். அதனால் அதன் நகத்தை ஒட்ட வெட்டக் கூடாது. கிண்ணம் கனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடும் தலை தட்டிக் கவிழ்த்துவிடும். கிண்ணத்தை ஒரு செங்கல் உயரத்தில் வைத்தால் குனிந்து மூக்கில் இடித்துக்கொள்ளாது. மலஜலத்துக்கு மணல் நிரப்பிய தட்டு போதும். குட்டி சாய்ந்து நிற்க அதன் மூன்று பக்கம் உயரமாகவும், நுழைய ஒரு பக்கம் தாழ்வாகவும் இருக்கட்டும். மச்சுக்குப் போகும் ஏணியை எடுத்துவிட வேண்டும். அது நகத்தால் தொற்றி ஏறிவிடும். இறங்கத் தெரியாமல் விழும்.

முள் எடுத்த வேக வைத்த மீன், முட்டை, கொஞ்சம் கோழி இவற்றைக் கொடுக்கலாம். மாட்டுப்பால் பல பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு வரும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச்சோறு கூடாது. ஜுரம் என்று நினைத்து நாம் போடும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்தால், அந்த ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். மோரியில் பினாயில் ஊற்றினால் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரம் காய்ந்த பிறகே குட்டியை விட வேண்டும். காலில் ஒட்டியதை அது நக்கிவிடும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, மாநகராட்சி ஆஸ்பத்திரியில் ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும். இது எந்தப் பூனைக்கும் பொருந்தும்.

டாக்டருக்கு எங்கே போவது? பரேலுக்குப் போகலாம். 1874 இல் தொடங்கிய பம்பாய் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தின் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. 1886 இல் ஏற்பட்ட பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பரேலில்தான். கே.இ.எம்.முக்கும் டாடாவுக்கும் வழி தெரிந்த தமிழனுக்கு இந்த வழி புதிதல்ல. தானாகத் தின்னவே முடியாத, எழுந்து உட்காரவே முடியாத குட்டிகளும் உண்டு. அவற்றின் விஷயத்தில் என்ன செய்வது என்று டாக்டர் சொல்லட்டும். தீர்ப்புச் சொல்லும் உரிமை நாலாவுக்கு இல்லை.

யார் பார்த்துக்கொள்வது?

இங்கே ஆண்களிடம் ஒரு வார்த்தை. "பாவம், வளர்ப்போம்" என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டு ஹார்பர் லைனில் ஏறிப் போய்விடுவது எளிது. கோணியைத் துவைப்பதும், மணல் மாற்றுவதும், விழுந்த கிண்ணத்தைத் துடைப்பதும் வீட்டிலிருக்கும் பெண்ணின் தலையில் விழுகின்றன. தண்ணீர் வரும் அரை மணி நேரத்தில் அவளுக்கு ஏற்கனவே நூறு வேலை. எனவே வளர்ப்பது என்ற முடிவை வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து எடுக்க வேண்டும். காலையில் மணல் மாற்றுவது ஆபீஸ் போகிறவர் வேலை. மாலையில் கோணி துவைப்பது பள்ளிப் பிள்ளையின் வேலை என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. அப்படிப் பிரித்துக்கொள்ள முடியாத வீடு, முடிந்த வீட்டைத் தேடிக் கொடுக்கட்டும்.

இரண்டாவது சோதனை மே மாதம். ஒரு மாத லீவில் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுகிறோம். திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் டிக்கெட் நாலு மாதம் முன்னாலேயே யோசிக்கிறவர்கள், பூனையைப் பற்றிக் கடைசி நாள்தான் யோசிக்கிறார்கள். நல்ல பூனை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். தள்ளாடும் பூனையைத் தெருநாய் விட்டுவைக்காது. பக்கத்து வீட்டு மராத்தி அம்மாளிடமோ மலையாளி நண்பரிடமோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர்கள் ஊருக்குப் போகும்போது நீங்கள் அவர்கள் வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

மூன்றாவது சோதனை புதிய கட்டடம். சாலை இடித்து மாடிக் கட்டடம் கட்டிக் கொடுக்கிறார்கள். தரையில் இருந்தவர்கள் பத்தாவது மாடிக்குப் போகிறார்கள். பூனை இடிந்த சுவரில் உட்கார்ந்திருக்கிறது. கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் ஜன்னலுக்கு வலை அடித்த பிறகு கூட்டிக்கொண்டு போங்கள்.

சட்டமும் உண்டு

வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாட விட்டுக் காரணமின்றிக் கைவிடுவது குற்றம் என்று 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் மதுரையில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்மணி. கலாஷேத்திரா கண்ட ருக்மணிதேவி அருண்டேல், ராஜ்ய சபை அங்கத்தினராக இருந்து இதற்காகத் தனி மசோதா கொண்டு வந்தார். சர்க்காரே சட்டம் கொண்டு வரும் என்று நேரு வாக்களித்தார். 1962 இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். ஐம்பது ரூபாய்க்குப் பயந்து யாரும் நல்லவனாகிவிட மாட்டான். ஆனால் நம் ஊரிலிருந்து புறப்பட்ட சட்டத்தை நாமே மீறுவது அழகா?

"மனிதனுக்கே வழியில்லாத பம்பாயில் பூனைக்கு என்ன?" என்போர் உண்டு. ஒரு வாரக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சந்தையில் கழித்துப் போடும் மீன், ஒரு பழைய சாக்கு, ஒரு கூடை மணல். இதை நிறுத்தினால் எந்த ஏழையின் வயிறும் நிறையப் போவதில்லை. மனிதனுக்கு வழி செய்யாதவன் பூனையைக் காரணம் காட்டுகிறான், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மனிதரையும் பூனையையும் ஒரே தட்டில் வைக்க நாம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு சாலிலும் கால் சரியாக வராத ஒரு குழந்தை இருக்கிறது. பக்கவாதத்தில் விழுந்த ஒரு தாத்தா இருக்கிறார். துறைமுகத்தில் மூட்டை விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு தொழிலாளி இருக்கிறார். "நொண்டி, எதற்கும் உதவாது, தூக்கிப் போடு" என்று பூனைக்குட்டியைப் பார்த்து நாம் சொல்லும் சொல் அவர்கள் காதிலும் விழுகிறது. அவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் நம் அளவுகோல் என்ன என்று புரிந்துகொள்வார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று பெரியவர்களுக்கு ஆறுதல் சொல்லும் நாம், ஒரு பூனைக்கு அடி சறுக்கினால் சாக்கைத் தேடலாமா?

வருமுன் காப்பதே மேல். இந்தக் குறை வராமல் தடுக்கப் பூனைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. சினைப் பூனைக்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. சிலவகை ஊசியே குட்டிக்குக் கேடாகும். வாசலில் சோறு வைக்கும் பூனைகளுக்குச் சால்காரர்கள் சேர்ந்து கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால், வருஷத்துக்கு மூன்று ஈற்றும் இல்லை. குட்டிகளைச் சாக்கில் கட்டும் பாவமும் இல்லை. கணபதி விழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கத் தெரிந்த சாலுக்கு இது பெரிய காரியமா?

படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குப் பாரி தேரைக் கொடுத்தான் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். நம்மிடம் தேர் இல்லை. கோணிச்சாக்கு இருக்கிறது, சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருக்கிறது. அதைக் கொடுத்தால் போதும். மிச்சத்தைக் குட்டியே பார்த்துக்கொள்ளும்.