பி.டி. வாத்தியாரை ஒரே பள்ளியில் இருக்க விடுங்கள்

மாண்புமிகு புதுச்சேரி கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

எங்கள் ஊரான பிள்ளைச்சாவடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை. 1980களின் பிற்பகுதியில் புதுவைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் எழுப்பிய பிறகு தெற்கிலிருந்து வர வேண்டிய மணல் தடைபட்டது. வடக்கே உள்ள கடலோர ஊர்களை அலை அரித்துக்கொண்டே வருகிறது. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் பயன்பட்ட மணல்வெளிதான் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆடுகளமாகவும் இருந்தது. அது சுருங்கச் சுருங்க, பள்ளிக்கூட மைதானத்தை விட்டால் அவர்களுக்கு ஓடி விளையாட இடமில்லை. அந்த மைதானத்துக்குப் பொறுப்பானவரைப் பற்றியே இந்த மடல். உடற்கல்வி ஆசிரியரின் வேலை, ஒரே பிள்ளைகளோடு ஆண்டுக்கணக்கில் இருந்தால்தான் பலன் தரும். ஆகவே அவரை முழுநேர ஊழியராக, நிரந்தரமாக, ஒரே பள்ளியில் நெடுங்காலம் இருக்கும்படி நியமியுங்கள் என்பது என் கோரிக்கை.

வகுப்பாசிரியர் ஆண்டுதோறும் மாறுவார். பத்தாவதோடு கணக்கு வாத்தியாரும் மாறுவார். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர் மட்டுமே ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும். போன வருஷம் மைதானத்தை நான்கு சுற்று ஓடியவள் இந்த வருஷம் இரண்டாவது சுற்றிலேயே இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டால், இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, வெளுத்திருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பக்கூடியவர் அவர்தான். தேசிய குடும்பநல ஆய்வின் 5ஆம் சுற்றில், 15 முதல் 19 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. முந்தைய ஆண்டு அவள் எப்படி ஓடினாள் என்று அறியாத புது ஆளுக்கு அந்த மாற்றம் கண்ணில் படாது. நன்றாக விளையாடிய பையன் திடீரென்று மைதானத்துப் பக்கமே வராமல் போவதும், எட்டாம் வகுப்புக்குப் பிறகு பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொள்வதும், கூடவே இருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இதற்குச் சான்று தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் பள்ளி 1943இல் தொடங்கியது. 1945இல் வங்காளத்திலிருந்து வந்து சேர்ந்த பிரணாப் குமார் பட்டாச்சார்யாவிடம் ஆசிரமத்தை நடத்திவந்த அன்னை உடற்கல்வியை ஒப்படைத்தார். 2010இல் மறையும்வரை அவர் புதுச்சேரியிலேயே வாழ்ந்தார். வயதுக்கொரு குழு, குழுவுக்கொரு நிறச் சீருடை, மாலைதோறும் பயிற்சி, ஆண்டுதோறும் டிசம்பர் 2ஆம் தேதி பொதுமக்கள் முன் அணிவகுப்பும் பயிற்சிக் காட்சியும் என்ற ஏற்பாடு அந்த ஆண்டுகளில் வேரூன்றியது. பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டை அணிந்து மைதானத்தில் இறங்குவதை ஊர் கற்பனைகூடச் செய்யாத காலத்தில் அங்கே அது நடைமுறைக்கு வந்தது. 1949 பிப்ரவரி 21இல் உடற்கல்விக்கென்றே ஓர் இதழ் தொடங்கப்பட்டது. ஸ்ரீ அரவிந்தரின் கடைசிக்கால உரைநடைக் கட்டுரைகள் அதில்தான் வந்தன. ஆசிரமத்தோடு அரசுப் பள்ளியை ஒப்பிடலாமா, அவர்களிடம் இடமும் வசதியும் தொண்டு செய்ய ஆட்களும் உண்டே என்று உங்கள் அதிகாரிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நான் கேட்பது அவர்களுடைய டென்னிஸ் மைதானத்தை அல்ல. ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துப் பல்லாண்டுகள் அவரை அங்கேயே விட்டுவைத்தார்களே, அதைத்தான் கேட்கிறேன். சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் 1943இல் இறக்கும்வரை அந்தப் பணியில்தான் இருந்தார். அங்கேயும் அதே கதைதான்.

எதிர்வழியில் போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு காட்டியிருக்கிறது. அங்கே 2012இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. பத்தாண்டுகளுக்கு மேலாகப் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடினார்கள். அரைநாள் வந்து, மீதி நேரத்தில் பிழைப்புக்கு வேறு வேலை பார்ப்பவரிடம் பிள்ளைகளின் ஏழு ஆண்டு வளர்ச்சியைக் கவனிக்கும்படி எப்படி எதிர்பார்ப்பது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் போதும் என்கிறது. சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

தேர்வு என்ற தடை வரும் என்பது தெரியும். நம் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு போர்ஷன் முடிப்பதே பெரும்பாடு என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அதே சி.பி.எஸ்.இ.தான் 2018இல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தினமும் ஒரு பீரியட் உடற்கல்வி கட்டாயம் என்றது. பாடத்திட்டத்தை ஏற்றுக்கொண்டு, மைதானத்துக்கான பீரியடை மட்டும் கடன் வாங்குவது முறையல்ல. 2023இல் தமிழ்நாட்டின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், விளையாட்டு பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அந்தப் பழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்று பாருங்கள்.

மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு உடற்பயிற்சி எதற்கு, கடலில் துடுப்பு போடுவதே போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். துடுப்பு போட்ட காலம் போய் ஃபைபர் படகில் இன்ஜின் ஏறி வெகுநாளாயிற்று. அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் துடுப்பு பிடித்தது எப்போது? இன்னொரு குறை: பி.டி. வாத்தியார் சும்மா உட்கார்ந்திருக்கிறாராம். காலை வழிபாட்டில் வரிசை நிறுத்த, குறும்புக்காரர்களை மிரட்ட, ஆசிரியர் வராத வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள, விழாவுக்குப் பந்தல் கட்ட என்று அவரை எல்லா வேலைக்கும் இழுத்துவிட்டு, அவருடைய பீரியடையும் பறித்துக்கொண்டால் அவர் என்னதான் செய்வார்? பிரம்பைப் பிடிக்க வைத்தது நிர்வாகம். சோம்பலாக இருப்பவர் யாரோ ஒருவர் இருந்தால் அவரைக் கேள்வி கேளுங்கள். அதற்கும் அவருக்கென்று ஒரு வேலையை முதலில் ஒதுக்க வேண்டுமே.

இடமாற்ற விதிகளில் உடற்கல்வி ஆசிரியருக்குத் தனிச்சலுகை கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா என்ற சிக்கலும் உண்டு. காரைக்காலுக்கு எல்லாரும் முறைபோட்டுப் போகும்போது இவர் மட்டும் ஏன் போகக்கூடாது என்பார்கள். ஆகவே ஒரு தொகுதிப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்து பள்ளியை முடிக்கும் ஏழு ஆண்டுகளுக்கு மட்டும் அவரை நகர்த்தாதீர்கள். பிறகு அவரும் முறைப்படி போகட்டும். பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பெண் ஆசிரியர் ஒருவரும் இருக்கட்டும். சம்பளச் செலவு கூடும், மறுக்கவில்லை. நிதிநிலை அறிக்கையில் அதற்கு இடம் கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு.

வரும் கல்வியாண்டு தொடங்கும்போது காலாப்பட்டு வட்டாரத்திலிருந்து ஏனாம் வரை ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மூன்று விவரங்களைப் பெற்றோருக்கு வெளியிடுங்கள்: அங்கே முழுநேர உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை ஆண்டுகளாக அதே பள்ளியில் இருக்கிறார், கடந்த ஆண்டு அவருக்கு ஒதுக்கிய பீரியட்களில் எத்தனை மைதானத்தில் நடந்தன. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காலிப் பணியிடங்களை நிரப்ப ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைச்சாவடி வாசி ஒருவர்