செல்போன் தடையும் உபாத்தியாயரும்

மாணவர்கள் வகுப்பறையில் செல்போனைக் கையாளலாகாது என்பதில் இவ்விதழைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்குள் அபிப்பிராய பேதம் இருக்கும் என்று நாம் நினைக்கவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டிலேயே பொறியியல் கல்லூரிகளில் அதை விலக்கியது; மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009 ஜூலையில் தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது; நம் மாநிலப் பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் 2022ஆம் ஆண்டில், பறிமுதல் செய்யப்படும் செல்போன் மாணவருக்குத் திருப்பித் தரப்படமாட்டாது என்றுகூட அறிவித்தார். விதிக்குப் பஞ்சமில்லை. இத்தனை விதிகள் இருந்தும், கரிவலம்வந்தநல்லூரிலும் சங்கரன்கோவில் வட்டாரத்தின் ஏனைய ஊர்களிலும் புத்தகப் பையின் அடியில், சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், அந்தக் கருவி பள்ளிக்கு வந்து போய்க்கொண்டிருப்பது ஏன் என்பதே நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் நிதானமாக விசாரிக்கத்தக்க விஷயம்.

காரணத்தைப் பிள்ளைகளின் சபலத்தில் மட்டும் தேடுவது நமக்கு வசதியானது, நியாயமானதன்று. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, மேல்வகுப்புகள் 2021 செப்டம்பரிலும் கீழ்வகுப்புகள் அவ்வாண்டு நவம்பரிலும் மீண்டும் திறக்கப்படும் வரையில், தீப்பெட்டி ஆபீசுக்கும் நூற்பாலைக்கும் வயற்காட்டுக்கும் கூலிக்குப் போகும் தாய் தந்தையரிடம், எப்பாடு பட்டாவது ஒரு செல்போன் வாங்கிக் கொடுங்கள், இல்லையேல் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும் என்று வற்புறுத்தியவர்கள் வேறு யாருமல்லர், நாமேதான். அன்று அதற்கு மாற்று வழியும் இருக்கவில்லை. ஆனால் நோய்க்காலம் கழிந்த பிறகும் வீட்டுப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடாமல் வாட்ஸ்அப் குழுவில் இரவு எட்டு மணிக்கு அனுப்பும் பழக்கம் பல பள்ளிகளில் நிலைத்துவிட்டது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்கள் க்யூஆர் குறியீடுகளைத் தாங்கி வருகின்றன. பாடங்களைக் காணொளியாகக் காட்ட மணற்கேணி என்ற செயலியும் 2023இல் வந்துவிட்டது. இவையெல்லாம் நல்ல சாதனங்களே. எனினும், மாலையில் எதை அவசியம் என்று கையில் கொடுக்கிறோமோ அதையே காலையில் அபாயம் என்று பிடுங்கும்போது, பதினான்கு வயதுப் பிள்ளை அந்த முரண்பாட்டைக் கவனியாமலிருக்கும் என்று எதிர்பார்ப்பது அதன் புத்தியைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

அதைவிடக் கூர்மையாகப் பிள்ளைகள் கவனிப்பது நம் கையிலிருப்பதை. மாணவர் வருகையைச் செயலியில் பதிவது முதல் எமிஸ் தளத்துக்கான விவரங்கள் வரை இன்று ஆசிரியர் தலையில் ஏற்றப்பட்டுள்ள வேலைகள் பலவும் அவருடைய சொந்தச் செல்போன் வழியாகவே நடைபெறுகின்றன என்பது உண்மை. அந்த வேலை முடிந்த கணத்தில் அதே திரையில் குடும்பச் செய்தியும் சங்கச் செய்தியும் வந்து நிற்க, விரல் அங்கும் சற்றுத் தங்கிவிடுகிறது என்பதும் உண்மை. 2009ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை மாணவரோடு ஆசிரியரையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. ஆந்திர மாநிலம் 2023இல் பிறப்பித்த தடையும் அப்படியே. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 மார்ச்சில், அரசு ஊழியர்கள் அலுவல் நேரத்தில் சொந்தக் காரியத்துக்குச் செல்போனைப் பயன்படுத்துவதைக் கண்டித்து, அதற்கான விதிகளை வகுக்குமாறு அரசைப் பணித்தது. வருகைப் பதிவை முதல் பாடவேளை தொடங்குமுன் முடித்துக்கொண்டு, ஆசிரியரின் செல்போனும் ஓய்வறையிலேயே இருக்கட்டும் என்பது நம் முதல் யோசனை. பாட நேரத்தில் விவரம் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் மேலதிகாரிகளுக்கு இது அசௌகரியமாக இருக்கலாம். இருக்கட்டும்.

இனி, மாணவரிடமிருந்து வாங்கிய செல்போனை வைப்பதெங்கே? இக்கேள்விக்கு விடை காணாத தலைமையாசிரியர் தடையை அறிவிக்காமலிருப்பதே மேல். கோயில்களைப் பாருங்கள்: திருச்செந்தூரை முன்னிட்டுத் தொடரப்பட்ட வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்கள் அனைத்திலும் செல்போனை விலக்குமாறு 2022 டிசம்பரில் மதுரைக் கிளை ஆணையிட்டது, அந்த ஆணை நடைமுறைக்கு வரவேண்டுமானால் வாசலில் ஒரு காப்பறையும், ஒரு டோக்கனும், பொறுப்பேற்க ஓர் ஆளும் வேண்டியிருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பால்வண்ணநாதரைத் தரிசிக்க வருபவருக்கு ஒரு சீட்டு அவசியமென்றால், கணக்குப் படிக்க வரும் பெண்ணுக்கு அது அவசியமில்லையா? நம்மிடமோ பறித்த செல்போன் தலைமையாசிரியர் மேசையின் இழுப்பறையில், சாக்பீஸ் டப்பாவுக்கும் பழைய சாவிக்கொத்துக்கும் நடுவே, எழுத்துப் பதிவு ஒன்றுமின்றிக் கிடக்கிறது. அது காணாமற்போனால் பொறுப்பு யாருடையது? அந்த வஸ்து பெரும்பாலும் மாணவனுடையதுமன்று. வேலைக்குப் போகும் தாய், தன் ரேஷன் செய்தியும் வங்கிச் செய்தியும் நூறு நாள் வேலைச் செய்தியும் வந்துசேரும் ஒரே கருவியைப் பிள்ளை கேட்டான் என்பதற்காகக் கொடுத்தனுப்பியிருப்பாள். அதைத் திருப்பித் தராமலிருப்பது குற்றம் செய்யாதவளுக்கு விதிக்கும் அபராதம். சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டிய பிறகு ராஜபாளையம் சாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவிக்கு அது வேடிக்கைப் பொருளுமன்று.

டெல்லி உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில், ஒரு கேந்திரிய வித்யாலயா மாணவரைப் பற்றிய வழக்கில் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. முழுத் தடை விரும்பத்தக்கதுமன்று, நடைமுறைக்கு ஏற்றதுமன்று என்று கூறிய நீதிமன்றம், இயன்ற பள்ளிகளில் காலையில் ஒப்படைத்து மாலையில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டையும், வகுப்பறைக்குள்ளும் பள்ளி வாகனத்திலும் பயன்படுத்தாமையையும், படம் பிடித்தல், பதிவு செய்தல் ஆகியவற்றுக்குத் தடையையும், பாதுகாப்புக்காகத் தொடர்புகொள்ள அனுமதியையும் வழிகாட்டு நெறிகளாகத் தந்தது. விதியை வகுக்குமுன் பெற்றோரையும் ஆசிரியரையும் கலந்துகொள்ளவும் சொல்லியிருக்கிறது. நம்மிடம் அதற்கென்றே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதைக் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றி, ஒரு பதிவேடும் பூட்டுள்ள ஓர் இரும்புப் பெட்டியும் வாங்குவதற்கு ஆகும் செலவு சொற்பம்.

மற்றொரு விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாங்கி வைத்த செல்போனைத் திறந்து பார்க்கும் அதிகாரம் நமக்கு இல்லை. கடவு எண்ணைக் கேட்டு வாங்குவதும், படங்களைப் புரட்டுவதும், மாணவியின் செய்திகளை ஓய்வறையில் நாலு பேர் கூடி வாசிப்பதும் ஒழுங்கு நடவடிக்கையாகா. அவை வேறு வகையான தவறுகள். ஒரு பிள்ளை அபாயத்தில் சிக்கியிருக்கிறாள் என்ற சந்தேகம் எழுமானால், அதற்குரிய வழி 1098 என்ற சிறார் உதவி எண்ணும் சட்டமும் ஆகும், உபாத்தியாயரின் ஆர்வமன்று.

தடையினால் விளையும் பலனைக் குறித்தும் மிகைப்படுத்திப் பேசவேண்டாம். இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் பெலாண்ட், மர்ஃபி என்ற இருவர் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, தடைக்குப் பின் மதிப்பெண் உயர்ந்ததையும், அவ்வுயர்வு பின்தங்கிய மாணவரிடமே அதிகமாக இருந்ததையும் காட்டியது. ஸ்வீடனில் அதே முறையில் ஆராய்ந்தவர்களுக்கு அப்படிப்பட்ட பலன் தென்படவில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 2025இல் முப்பது பள்ளிகளை ஒப்பிட்டு, பள்ளியில் தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் நாள் முழுவதும் திரையில் செலவிடும் மொத்த நேரம் கணிசமாக மாறுவதில்லை என்று கண்டனர். கிராமப்புற இந்தியாவைப் பற்றிய 2024ஆம் ஆண்டு அசர் அறிக்கையின்படி, 14 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களில் ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்தோரில், கடந்த ஒரு வாரத்தில் அதைக் கல்விக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். அந்த வித்தியாசம் உண்டாவது பெரும்பாலும் வீட்டில், நம் ஆட்சி செல்லாத நேரத்தில். நமக்கு உரிய நாற்பது நிமிஷப் பாடவேளையைச் சிதறாமல் காப்பாற்றிக்கொள்வது ஒன்றே தடையிடம் நாம் கேட்கக்கூடியது; அதுவே போதுமான நியாயமும்கூட.

வரும் கல்வியாண்டில் வீட்டுப் பாடத்தை மாணவரின் குறிப்பேட்டிலேயே எழுதுவிப்பதென்றும், செய்தி அனுப்ப வேண்டியிருந்தால் பெற்றோருக்கு மட்டும் அனுப்புவதென்றும் தீர்மானிக்கும் பள்ளிகளும், ஒப்படைப்புப் பதிவேட்டை ஏற்கெனவே நடத்திவரும் பள்ளிகளும், தம் அனுபவத்தையும் பதிவேட்டின் மாதிரிப் பக்கத்தையும் நமக்கு எழுதியனுப்பினால், அடுத்த இதழிலேயே பிரசுரிப்போம்.